நூற்றைம்பத்தெட்டு அந்திகள்

ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில், விற்றமின் குளிசைகளைப் போத்தலில் அடைக்கிற தொழிற்சாலை ஒன்றில், போத்தல்கள் நகர்ந்து வரும் மூன்றாம் பெல்ற்றின் கடைசியில் நிற்பவள் குணவதி. மூடி சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பது அவளுடைய வேலை. கோணல் மூடியைக் கண்டால் போத்தலை எடுத்துப் பக்கத்துத் தட்டில் வைக்க வேண்டும். பத்தொன்பது வருடங்களாக இதைத்தான் செய்கிறாள். நண்பகல் பன்னிரண்டு முதல் எட்டரை வரை ஷிப்ட். நீல வலைத் தொப்பிக்குள் எல்லாத் தலையும் ஒன்றுபோலத்தான் தெரியும். அந்தத் தொப்பிகளில் ஒன்றின் கீழே பழங்கன்னடக் காவியங்களும் சமண நூல்களும் அடுக்கடுக்காக இருக்கின்றன என்பது பெல்ற்றில் நின்ற ஒருவருக்கும் தெரியாது.

அதற்காக அவளைத் தூக்கிப் பிடிக்க அவசரப்பட வேண்டியதில்லை. அரிய விஷயம் ஒன்றைத் தெரிந்திருப்பது பெரும்பாலும் தனிமையில்தான் முடிகிறது. கனடாவுக்கு வந்தபின் அவள் உள்ளூர் இலவசப் பத்திரிகை ஒன்றில் ஆறு வருடம் கன்னடச் சமணப் பாடல்களைத் தமிழில் எழுதினாள். அதற்கு வாசகர் எத்தனை பேர் என்று கேட்டால் விரல் மடிக்காமலே சொல்லிவிடலாம். ஆனால் அவளிடம் ஒரு குணம் இருந்தது. எது முக்கியம், எது முக்கியமில்லை என்று தனக்கு உறுதியாகத் தெரியும்வரை எதையும் எறிந்துவிட மாட்டாள். இது பெரிய ஞானம்போலத் தோன்றாது. வீட்டில் அவளுடைய கணவர் ஜெயரட்ணம் இதற்கு வைத்த பெயர் ‘குப்பை சேர்க்கிறது’.

1984இல் யாழ்ப்பாணத்தை விட்டுக் குடும்பத்தோடு வெளிக்கிட்டபோது அவளுக்குப் பதினைந்து வயது. தகப்பனுக்குத் தெரிந்த ஒருவர் மைசூரில் ஊதுவத்தித் தொழிற்சாலை வைத்திருந்தார். அங்கே வேலை கிடைத்தது. பக்கத்தில் இருந்தது கன்னடப் பள்ளிக்கூடம். எழுத்துப் பழகப் பத்து வயதுப் பிள்ளைகளோடு உட்கார வைத்தார்கள். வெட்கத்தில் படித்தாள், பிறகு ரோசத்தில் படித்தாள், கல்லூரிக்குப் போனபோது ஆசையில் படித்தாள். சமணர் என்ற சொல்லை அதுவரை கோயிலில் ஓதுகிற பாட்டுகளில்தான் கேட்டிருந்தாள், அதுவும் வசவாக. வைது பாடப்பட்டவர்கள் தங்கள் பக்கத்தை எங்கேயாவது எழுதி வைத்திருப்பார்கள்தானே என்று தேடிப் போனவளுக்கு, கன்னடத்தில் அது ஒரு கடலளவு கிடைத்தது.

எம்.ஏ. முடித்து ஆராய்ச்சிக்கு எடுத்தது ‘மகரதத்தன் சரிதை’ என்ற காவியம். மூவாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் பாட்டு. முழுப் பிரதி ஒன்றே ஒன்றுதான். ஹாசனுக்கு அப்பால் ஒரு சமணக் குடும்பத்தின் வீட்டில் பனையோலைக் கட்டாக இருந்தது. வெளியே தர மாட்டார்கள், வீட்டிலிருந்தே எழுதிக்கொள்ளலாம். அந்த வீட்டம்மாள் ஒரு நிபந்தனைதான் வைத்தார்: சூரியன் சாயுமுன் ஏட்டைத் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட வேண்டும். கடைசி பஸ் போய்விடும் என்ற கரிசனையாக்கும் என்று குணவதி நினைத்துக்கொண்டாள். பதினாலு மாதம், வார இறுதிகளில் போய், பதினொரு நோட்டுகள் நிறைய எழுதினாள். பாட்டை மட்டும் எழுதவில்லை. பூச்சி அரித்த ஓட்டைகளையும், ஓலையின் ஓரத்தில் இடையிடையே இருந்த கடுகளவு வட்டக் குறிகளையும் அந்தந்த இடத்திலேயே போட்டு வைத்தாள்.

அவளுடைய நெறியாளர் பேராசிரியர் நேமண்ணா நோட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “பூச்சியும் காவியம் பாடியிருக்கிறதா, குணவதி?”

ஆனால் வட்டக் குறிகளைக் கண்டதும் அவருடைய சிரிப்பு நின்றது. அவர் கெட்டிக்காரர். பிரதி எடுத்தவன் தனக்கு முன்னால் வைத்துப் பார்த்து எழுதிய மூல ஏட்டில் ஓர் ஓலை முடிகிறபோதெல்லாம் ஒரு குறி போட்டிருக்கிறான் என்று சொன்னார். அப்படிச் செய்கிற வழக்கம் உண்டு. முதல் சர்க்கத்தில் குறிக்குக் குறி சராசரி இருபத்தாறு பாட்டு; கடைசிச் சர்க்கத்தில் இருபத்து மூன்று. நடுவில் சில இடங்களில் பன்னிரண்டு, பதின்மூன்றுதான். அவை மூலத்தில் ஒடிந்துபோன ஓலைகள் என்றார். எனவே மூல ஏடுகள் இரண்டு. ஒன்று பெரிய ஓலை, மற்றது சிறியது. கடைசி நானூற்று எழுபத்து மூன்று பாட்டும் வேறோர் ஏட்டிலிருந்து கொண்டுவந்து ஒட்டியவை, கவி பாடியவையல்ல.

குணவதியின் ஆராய்ச்சி முழுவதும் அந்த நானூற்று எழுபத்து மூன்று பாட்டுகளைப் பற்றியது.

வணிகன் மகரதத்தன் கப்பலையும் மனைவியையும் விட்டுவிட்டுத் துறவியாகி முத்தியடைகிறான். நேமண்ணாவின் கணக்கில் காவியம் அங்கே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வருகிற பகுதியில் பேசுவது அவனுடைய மனைவி சாமலே. கணவன் பெற்ற முத்தியே உனக்குப் போதும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்ல, அவள் கேட்கிறாள்: “அவர் உண்டதால் என் பசி தீருமா?” ஒவ்வோர் உயிரும் தன் பாரத்தைத் தானே இறக்க வேண்டும் என்று சமணம் சொல்வதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிக் குணவதி கேட்டதில்லை. அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டால் கையெழுத்துப் போடுகிறேன் என்றார் நேமண்ணா. எடுக்க மாட்டேன் என்றாள். ஏன் என்று கேட்டார். மனம் ஒப்பவில்லை என்பது பதிலாகாது. பட்டம் கிடைக்கவில்லை. 1998இல் கலியாணமாகி ரொறன்ரோவுக்கு வந்தபோது சூட்கேசில் சேலைகளுக்குக் கீழே பதினொரு நோட்டுகளும் வந்தன.

ஒக்டோபர் மாதம் ஒரு நாள், மைசூரில் கூடப் படித்த வசுமதியிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. ‘மகரதத்தன் சரிதை’ முதன்முறையாக அச்சாகிறது. வசுமதிதான் பதிப்பாளர், குழுவின் தலைவர் நேமண்ணா, வயது எண்பத்து நாலு. பொருளடக்கத்தின் கடைசி வரியில் சிறிய எழுத்தில், ‘பிற்சேர்க்கை: பிற்கால இடைச்செருகல்’ என்று போட்டிருந்தது. அதன் கீழே வசுமதி எழுதியிருந்தாள்: “ஜனவரியில் அச்சுக்குப் போகிறது. உனக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் டிசெம்பர் நடுவுக்குள் சொல். ஒரே பிரதிதான் என்று உனக்குத் தெரியும். இந்தப் பதிப்பு வந்துவிட்டால் இன்னும் ஐம்பது வருடத்துக்கு யாரும் திருத்த மாட்டார்கள்.”

சொல்ல என்ன இருக்கிறது? நோட்டுகளைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். சாமலே அதே குரலில்தான் பேசினாள். ஆனால் குரல் ஒன்றாக இருப்பது காதுக்குத்தான் சான்று, குழுவுக்கில்லை.

அந்த நாட்களில் விட்பியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் குடிபுகுதலுக்குப் போனார்கள். ஜெயரட்ணத்தின் மச்சான்முறையான ஸ்ரீஸ்கந்தராசா, கோயில் நிர்வாகத்தில் இருப்பவர், தட்டில் வடையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“என்ன குணவதி, முகம் வாடிக் கிடக்குது? இன்னும் உந்தச் சமணரோடதான் மாரடிக்கிறியோ? அவையளைக் கழுவேத்தினது எங்கட ஆக்கள் பிள்ளை. நீ இஞ்ச இருந்து இறக்கப் பாக்கிறாய்.”

“ஏத்தினவையின்ர பாட்டு எல்லாருக்கும் பாடம் அண்ணை. ஏறினவையின்ர பாட்டை ஒராளாவது படிக்க வேணுமெல்லே?”

“படி, படி. படிச்சு என்ன கண்டனி?”

குணவதி பாயசத்தைக் குடித்துவிட்டு வந்துவிட்டாள்.

கண்டது நவம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை, பெல்ற்றில் நின்றபடி.

மூன்றாம் பெல்ற்றில் பெட்டி கட்டுகிறவள் ஹன்சா. குஜராத்திச் சமணப் பெண், அறுபதை நெருங்குகிறவள். இருவரும் பேசுவது இந்தியில். சூரியன் மறைந்தபின் ஹன்சா ஒன்றும் உண்ண மாட்டாள் என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. குணவதிக்கு அந்த விரதத்தின் சாத்திரக் காரணங்களும் தெரியும்: இருட்டில் தீயிலும் விளக்கிலும் விழுந்து சாகிற சிற்றுயிர்கள். தெரிந்திருந்தும் என்ன? அறிவு வேறு அறையிலும் வேலை வேறு அறையிலும் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் கதவு திறக்கவில்லை.

அன்றைக்கு மேற்பார்வைக்கு வந்தவன் மிதுனன். இங்கேயே பிறந்த பொடியன். சுவரில் தொங்கிய வெள்ளைப் பலகையைக் காட்டி முறையிட்டான்.

“ஹன்சா அன்ரி, சீரியஸ்லி, இதைப் பாருங்கோ. எல்லாருக்கும் பிரேக் ஆறு மணி. உங்களுக்கு மட்டும் ஓகஸ்டில ஏழரை, செப்டெம்பர்ல ஆறரை, போன மாசம் அஞ்சே முக்கால், இப்ப நாலேகால். நான் என்னெண்டு ஷெட்யூல் போடுறது?”

குணவதி இரு பக்கமும் மொழிபெயர்க்க, ஹன்சா பெட்டியில் ஒட்டும் ரேப்பை இழுத்தபடியே சொன்னாள்: “சூரியனிடம் போய்க் கேள், மகனே. அது நகர்ந்தால் நானும் நகருவேன்.”

“மணியை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வச்சாச்சு எண்டாவது அந்தச் சூரியனுக்குச் சொல்லுங்கோ அன்ரி.” பெல்ற்றில் எல்லாரும் சிரித்தார்கள். அவன் விடவில்லை. “பிரேக்கை விடுங்கோ. கவுன்ற்றைப் பாருங்கோ. நாப்பது பெட்டி கட்டுற ஆள் இண்டைக்கு இருபது. ஆறு நாளைக்கு முதலும் இப்பிடித்தான் இருபது. மெஷின்ல பிழையோ எண்டு மேல கேக்கினம்.”

“இன்றைக்குச் சௌதஸ்” என்றாள் ஹன்சா. “பதினாலாம் திதி. போன வாரம் எட்டாம் திதி. இரண்டு நாளும் எனக்கு உபவாசம். தண்ணீர் மட்டும். கை மெதுவாகத்தான் ஓடும்.”

குணவதிக்கு முன்னால் நாலு போத்தல்கள் பார்க்கப்படாமல் போயின. ஐந்தாவது போத்தல் மூடியே இல்லாமல் போனது.

“குணா அன்ரி! மூடி!”

“மிதுனன், நீ இப்ப சொன்னதை இன்னொருக்காச் சொல்லு.”

“எதை? ஐயோ அன்ரி, நான் கம்ப்ளெயின் பண்ணேல்லை, மேல கேக்கினம் எண்டுதான்...”

“நாப்பது. பேந்து இருபது. எத்தினை நாளைக்கு முதல்?”

“ஆறு நாள்” என்றான் அவன், பயந்துபோய்.

வீட்டுக்குப் போனதும் அவள் நோட்டுகளைத் தொடவில்லை. களைத்த கண்ணால் எண்ணினால் ஆசைதான் எண்ணும் என்று அவளுக்குத் தெரியும். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் மூடிகளை ஒழுங்காகப் பார்த்தாள். சனிக்கிழமை காலை, மோர்னிங்சைட் வீட்டின் சாப்பாட்டு மேசையில் பதினொரு நோட்டையும் அடுக்கிவிட்டு ஜெயரட்ணத்தைக் கூப்பிட்டாள். ட்ரக் ஓட்டி ஓய்வெடுத்தவர். சனிக்கிழமைக் காலை அவருக்கு எந்த அவசரமும் இல்லை.

“குறியிலயிருந்து குறிக்கு எத்தினை பாட்டு எண்டு நான் பென்சிலால எழுதி வச்சிருக்கிறன். நீங்கள் வாசியுங்கோ, நான் கட்டத்தில போடுறன். நானே வாசிச்சு நானே எழுதினால் எனக்கு வேண்டின மாதிரித்தான் வரும்.”

“உனக்கு என்ன வேணுமெண்டு எனக்கும் தெரியாது. அப்ப நான்தான் சரியான ஆள்.” கண்ணாடியைப் போட்டார். “இருபத்தாறு. இருபத்தாறு. இருபத்தாறு. பன்ரண்டு. என்னப்பா உவன் நாலாம் நாளே களைச்சுப் போனான்?”

“நாள் எண்டு ஆர் சொன்னது? வாசியுங்கோ.”

“இருபத்தாறு, இருபத்தஞ்சு, இருபத்தாறு...”

பன்னிரண்டும் பதின்மூன்றும் வருகிற இடங்களில் அவள் சிவப்பு மையால் போட்டாள். முதல் சிவப்பிலிருந்து ஆறாவது கட்டத்தில் அடுத்த சிவப்பு வந்தது. அதிலிருந்து ஒன்பதாவதில் இன்னொன்று. பிறகு ஆறு, பிறகு ஒன்பது. எட்டாம் திதியிலிருந்து பதினாலாம் திதிக்கு ஆறு நாள். பதினாலிலிருந்து அடுத்த எட்டுக்கு ஒன்பது நாள். ஆறு, ஒன்பது, ஆறு... எட்டு.

பேனையை வைத்துவிட்டாள்.

“ஏன் நிப்பாட்டிப் போட்டாய்?”

“பிழைச்சுப் போச்சு. ஒன்பது வரவேணும். எட்டிலயே வந்திட்டுது.”

“என்ன ஒன்பது?”

எல்லாவற்றையும் சொன்னாள். ஜெயரட்ணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாழ்நாள் முழுக்க சஷ்டியும் சதுர்த்தியும் பிடிக்கிற மனுசன்.

“இஞ்சேர், திதி எண்டால் இடையில ஒண்டு விழுறதுதானே? போன வருசம் ஒரே நாளில ரெண்டு திதி வந்து, எந்த நாள் விரதமெண்டு கோயிலுக்கு நாலு தரம் ரெலிபோன் அடிச்சனானெல்லே? எல்லாம் ஒழுங்கா ஒன்பது ஒன்பது எண்டு வந்திருந்தால்தான் நான் சந்தேகப்படுவன்.”

அவள் பேனையை மறுபடி எடுத்தாள். “இருபத்தினாலு வருசத்தில நீங்கள் சமணத்துக்குச் செய்த முதல் உதவி இது.”

“உதை ஸ்ரீயண்ணைக்குச் சொல்லிப் போடாதை.”

பிறகு அந்த இடம் வந்தது. நேமண்ணாவின் கணக்கில் ஓர் ஏடு முடிந்து வேறோர் ஏடு தொடங்குகிற இடம். கடைசியாகச் சிவப்பு விழுந்ததிலிருந்து ஏழு கட்டங்கள் போயிருந்தன, மகரதத்தன் முத்தியடைந்துவிட்டான். இரண்டு ஏடுகள் என்றால் ஓட்டம் இங்கே அறுந்துபோக வேண்டும்.

“அடுத்தது?”

“இருபத்து மூண்டு.”

எட்டாவது கட்டம்.

“அடுத்தது?”

“பன்ரண்டு” என்றார் ஜெயரட்ணம். ஒன்பதாவது கட்டம் சிவப்பு.

அவள் எழுந்து போய்க் குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்தாள். பிரதி எடுத்தவன் மூல ஏட்டின் ஓலைகளுக்குக் குறி போடவில்லை. ஒவ்வொரு நாளும் விளக்கேற்றும் நேரம் வந்ததும், விளக்கை ஏற்றாமல், எழுத்தாணியை வைக்குமுன் ஒரு சின்ன வட்டம் போட்டிருக்கிறான். நூற்றைம்பத்தெட்டு வட்டம், நூற்றைம்பத்தெட்டு அந்தி. இருபத்தாறு இருபத்து மூன்றானதும் ஒரே அடியாக நடக்கவில்லை. இருபத்தாறு, இருபத்தைந்து, இருபத்து நாலு என்று ஆடியிலிருந்து மார்கழிக்குப் பகல் தேய்வதுபோலத் தேய்ந்திருக்கிறது. சர்ச்சைக்குரிய இடத்துக்கு முந்திய மூன்று வாரமும் இருபத்து மூன்றேதான். சராசரி எடுத்தவருக்கு அந்தத் தேய்வு தெரியவில்லை. சராசரி என்பது நல்ல கருவி. ஆனால் நடுவில் நடந்ததை அது விழுங்கிவிடும். ஹாசனில் அந்த வீட்டம்மாள் ஏன் சூரியன் சாயுமுன் ஏட்டைக் கட்டச் சொன்னார் என்பதும் அப்போதுதான் உறைத்தது. பதினாலு மாதம் அந்தப் பிரதிகாரனைப் போலவே அந்திக்கு அந்தி பேனையை மூடியிருக்கிறாள். கண்ணெதிரே இருந்தது.

இரண்டு வாரத்தில் அட்டவணையைக் கன்னடத்தில் எழுதி அனுப்பினாள். குழு ஒரு சூம் கூட்டம் வைத்தது. மைசூரில் பிற்பகல் நாலரை. ரொறன்ரோவில் காலை ஆறு மணி, வெளியே இன்னும் விடியவில்லை. திரையில் வசுமதியும் வேறு மூவரும். நடுவில் நேமண்ணா, கழுத்தைச் சுற்றிச் சால்வை. பேச்சு கன்னடத்தில் நடந்தது.

“ஓரக்குறி மூல ஓலையின் முடிவைக் காட்டும் என்று நானாகக் கற்பனை செய்யவில்லை, குணவதி” என்று தொடங்கினார் அவர். குரல் மெலிந்திருந்ததே தவிர வளையவில்லை. “வேறு பல ஏடுகளில் அப்படித்தான் இருக்கிறது.”

“இருக்கிறது சார். ஆனால் அந்தக் குறிகள் திதி பார்த்துக் குறையவில்லை. இங்கே எட்டாம் நாளும் பதினாலாம் நாளும் தவறாமல் பாதியாகிறது. மூல ஏடு உபவாசம் இருக்குமா சார்?”

யாரோ ஒருவர் சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார். வசுமதி குனிந்து காகிதத்தைப் பார்த்தாள்.

நேமண்ணா சிரிக்கவில்லை. “பகல் தேய்கிறது என்கிறாய். இது வட துருவமில்லை. இங்கே கோடைக்கும் மார்கழிக்கும் பகல் எவ்வளவு வித்தியாசப்படும்?”

“ஒன்றரை மணி நேரம் சார். ஆடித் தொடக்கத்தில் பதின்மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு. மார்கழியில் பதினொன்றரைக்குக் கொஞ்சம் குறைவு. அந்த விகிதத்தில் இருபத்தாறைக் குறைத்தால் இருபத்து மூன்று வருகிறது. நான் மூன்று தரம் பெருக்கிப் பார்த்தேன், நீங்களும் பாருங்கள்.”

அவர் பார்த்தார். பென்சிலால், தானாகவே.

“இதை நீ எப்படிக் கண்டாய்?”

“இங்கே பகல் கோடையில் பதினைந்து மணி நேரம், இப்போது ஒன்பது. ஒளிக்க முடியாது. என்னோடு வேலை செய்கிற ஒருத்தி உங்களைப் போல அந்திக்கு முன் சாப்பிடுகிறவள். அவளுடைய சாப்பாட்டு நேரம் பலகையில் மூன்றேகால் மணி நேரம் நகர்ந்தது.”

நேமண்ணா பென்சிலை வைத்தார். அடுத்த கேள்விதான் அவருடைய கடைசிப் பிடி என்று குணவதிக்குத் தெரிந்தது. “சரி. அப்படியானால் கடைசிப் பகுதியையும் மூலக் கவியே பாடினார் என்று நிரூபித்துவிட்டாயா?”

‘ஆம்’ என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் திரையில் இருந்த யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். இருபத்தைந்து வருடம் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் காத்திருந்தாள் என்றும் சொல்லலாம்.

“இல்லை சார்” என்றாள். “அவருடையது என்று இன்னும் நிரூபணமாகவில்லை. ஆனால் அது வேறொருவருடையது என்று சொல்ல நம்மிடம் இருந்தது ஒரே ஒரு சான்று. அது இப்போது இல்லை. பிரதி எழுதியவர் அதை ஒரே காவியமாக, ஒரு நாள்கூட இடைவிடாமல் எழுதியிருக்கிறார். அவரை மறுத்துச் சாமலேயைப் பின்கட்டுக்கு அனுப்ப நமக்குக் காரணம் வேண்டும்.”

ஒருவனுக்கு வெற்றி எந்த இடத்தில் வருகிறது என்று கேட்டால், பெரும்பாலும் எதிராளி விட்டுக்கொடுக்கும் இடத்தைத்தான் காட்டுவார்கள். குணவதியின் வெற்றி அதற்கு ஒரு நிமிடம் முன்னால், அந்த ‘இல்லை’யில் வந்துவிட்டது. மற்றது அதைத் தொடர்ந்து வந்தது.

நேமண்ணா முகத்தைத் திருப்பி, திரைக்கு வெளியே இருந்த ஜன்னலைப் பார்த்தார். மஞ்சள் வெயில் அவருடைய கன்னத்தில் விழுந்தது.

“மணி ஐந்தேகால் ஆகிவிட்டது. நான் சாப்பிட எழுந்திருக்க வேண்டும்” என்றார். எழுந்திருக்கவில்லை. “எண்பது வருடமாக ஒவ்வொரு நாளும் இந்த நேரத்துக்கு இப்படித்தான் ஜன்னலைப் பார்க்கிறேன். அந்த மனுஷனும் ஜன்னலைப் பார்த்துவிட்டுத்தான் குறி போட்டிருக்கிறான். அது எனக்குத் தோன்றவில்லையே, குணவதி. எனக்கு!” நெற்றியில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். அப்போதுதான் சிரித்தார், பூச்சியும் காவியம் பாடியிருக்கிறதா என்று கேட்டபோது சிரித்த அதே சிரிப்பு. “வசுமதி, பிற்சேர்க்கையை எடுத்துவிடு. கடைசிச் சர்க்கமாக, மற்றவற்றின் எழுத்தளவிலேயே போடு. முன்னுரையில் என் பிழையை நானே எழுதுகிறேன். வேறு யாரும் எழுதினால் மரியாதை பார்த்துக் குறைத்து எழுதிவிடுவார்கள்.”

“சார், குறிகளையும் அச்சில் போட வேண்டும்” என்றாள் குணவதி. “ஓரத்தில், அந்தந்த இடத்தில்.”

“பூச்சி ஓட்டையையும் போடச் சொல்வாயோ?”

“அதை அடுத்த பதிப்பில் பார்க்கலாம் சார்.”

திரை அணைந்தபோது ஜெயரட்ணம் தேத்தண்ணீரோடு வாசலில் நின்றார். கன்னடம் ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் முழுக் கூட்டத்தையும் அங்கே நின்றுதான் கேட்டிருந்தார்.

“வெண்டிட்டியோ?”

“வெண்டிட்டன்” என்றாள். அதைச் சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. அழுதுகொண்டே தேத்தண்ணீரைக் குடித்தாள். பன்னிரண்டு மணிக்கு ஷிப்டுக்குப் போனாள்.

புத்தகம் ஜூன் கடைசியில் வந்து சேர்ந்தது. தடித்த அட்டை, உள்ளே தலைப்புப் பக்கத்தில், ‘ஏட்டுப் படி: குணவதி, ரொறன்ரோ’. முன்னுரையில் நேமண்ணா தன் பிழைக்கு முழுசாக இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தார். ஒன்றையும் குறைக்கவில்லை. அந்தக் கோடையில் ஹன்சாவின் சாப்பாட்டு நேரம் மறுபடி ஏழரைக்குப் போயிருந்தது. குணவதியும் தன் இடைவேளையை மாற்றிக்கொண்டு அவளோடு உட்கார்ந்தாள். உணவறை ஜன்னலில் வெயில் இன்னும் உயரத்தில் நின்றது.

ஹன்சாவுக்குக் கன்னடம் வாசிக்கத் தெரியாது. கையைத் துடைத்துவிட்டு, ஓரத்து வட்டங்களை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டுப் போனாள். ஓரிடத்தில் இரண்டு வட்டங்கள் நெருங்கி நின்றன. விரல் அங்கே நின்றது.

“சௌதஸா?”

குணவதி பின்னோக்கி எண்ணிப் பார்த்தாள். “சௌதஸ்தான்.”

“பாவம்” என்றாள் ஹன்சா, பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிச் சொல்வதுபோல. “அன்றைக்குப் பசித்திருக்கும். ஆனாலும் எழுதியிருக்கிறான் பார்.”

இடைவேளை முடிந்துவிட்டது என்று சொல்ல வந்த மிதுனன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். வட்டங்களின் கதை அவனுக்கும் தெரியும். “என்ன அன்ரி, இந்த ஆளுக்கும் கவுன்ற் குறைஞ்சு கிடக்குது?”

“ஓம் தம்பி” என்றாள் குணவதி, புத்தகத்தை மூடியபடி. “அவர் குறைச்சுச் செய்தபடியால்தான் இது முழுசா வந்தது.”